பலகைக்கு மேலே ஒரு கதிரை

சிட்னியில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மேடையேறி ஆடுகிற பெண் நான் ஒருத்திதான். கல்யாண வீடுகளில் அன்ரிமார் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். "பிள்ளை இன்னும் அந்தச் சப்பாத்து டான்ஸ்தானோ?" என்று கேட்பார்கள். "ஓம் அன்ரி, இன்னும் அதே சப்பாத்துத்தான்" என்பேன். அதோடு கதை முடிந்துவிடும். அவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள், நான் என் தட்டோடு நிற்பேன்.

நான் ஆடுவது ஃப்ளமெங்கோ. தென் ஸ்பெயின் ஆட்டம். சப்பாத்தின் நுனியிலும் குதியிலும் சின்னச் சின்ன ஆணிகளை நெருக்கமாக அடித்திருப்பார்கள். ஒருவர் பாடுவார், ஒருவர் கிற்றார் வாசிப்பார், இன்னும் ஒருவரோ இருவரோ கை தட்டுவார்கள், ஆடுகிறவள் காலால் வாசிப்பாள். என்னைக் கேட்டால் அது கண்ணுக்கு உள்ளதைவிடக் காதுக்கு உள்ள ஆட்டம். இருபத்தைந்து வருடமாக இதைத்தான் படித்தேன், ஆடினேன், மற்றவர்களுக்கு அமைத்துக் கொடுத்தேன். இந்த இருபத்தைந்து வருடத்தில், போன வருடம் வரைக்கும், அப்பா ஒருதரம்கூட வந்து பார்த்ததில்லை. வேறு எது கிடைத்தாலும் அந்தக் குறை நெஞ்சுக்குள் முள் மாதிரி இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சின்ன வயதில் ஹோம்புஷில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பரதம் பழகினேன். எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பினார்கள், என்னையும் அனுப்பினார்கள். நான் தட்டடவு போட்டால் பக்கத்துப் பிள்ளைகள் தாளம் தவறிவிடுவார்கள், அவ்வளவு பலமாக அடிப்பேன். "உனக்குக் கால் பாரம்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தா. கண்ணும் கையும் எனக்கு வரவில்லை. சிரிக்கச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி நின்றேன். அரங்கேற்றம் வரைக்கும் போகாமலே நின்றுவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்புக்கு ஒரு சிநேகிதி இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் எல்லாப் பெண்களும் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய், குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றேன். நடனம் என்றால் அப்படித்தானே! டீச்சர் ஒரு ஸ்பானியப் பெண்மணி, என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டாள். சிநேகிதி இதை என் கல்யாணத்தில் சொல்லிச் சிரிக்கப் போவதாக மிரட்டினாள். கல்யாணம் நடக்கவில்லை, தப்பித்தேன்.

அன்றைக்கு யாரோ இரவல் தந்த சப்பாத்தோடு முதல் அடி போட்டேன். அந்தப் பலகைத் தரை திருப்பிப் பேசியது. எட்டு வருடமாக என்னிடம் குறை என்று சொன்ன காலை அந்த மேல்மாடியில் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. "இன்னும்" என்றாள் டீச்சர். "இன்னும் பலமாக." நான் அழுதுவிட்டேன். சரி, விசர்தான், பைத்தியம்தான். ஆனால் அழுதேன்.

அடுத்த வருடம் மாணவிகளின் நிகழ்ச்சி வந்தது. குசினியில் சாப்பாட்டு நேரம் சொன்னேன். அப்பா பகல் முழுக்கப் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்திருந்தார். இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "காலிலை என்ன?" என்று கேட்டார்.

"சப்பாத்து."

"மேடையிலையோ?"

"ஓம்."

"சப்பாத்துக் காலோடை மேடையை மிதிக்கிற ஆட்டத்துக்கு நான் வரமாட்டன். மேடையெண்டா அது சாமி இருக்கிற இடம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது அப்பாவிடமிருந்து வந்த சொத்து. "ஒருத்தரும் வரத் தேவையில்லை" என்று கத்திவிட்டு எழும்பிப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. பாத்திரம் உடையவில்லை, கதவுகூட அடிபடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அம்மா தனியாக ரயில் ஏறி வந்தா. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தா. திரும்பி வரும்போது, "நல்லாத்தான் இருந்தது. ஆனா ஏன் பிள்ளை ஒருத்தரும் ஒருக்காலும் சிரிக்கேல்லை?" என்று கேட்டா.

நாங்கள் ஹோம்புஷில் இருந்தது ஒரு பழைய செங்கல் கட்டடத்தில். தரைமட்டத்தில் வரிசையாகக் கராஜ்கள், அவற்றுக்கு மேலே யூனிட்கள். எங்கள் கராஜுக்கு நேர் மேலே எங்கள் ரீவி இருக்கும் அறை. அந்தக் கராஜுக்குள் கொங்கிறீற் தரையிலே பயிற்சி செய்யத் தொடங்கினேன். இரண்டு கிழமையில் முழங்கால் வீங்கியது. ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தால் கராஜுக்குள் ஒரு பெரிய ஒட்டுப்பலகை கிடக்கிறது. ஓரமெல்லாம் சிராய் இல்லாமல் தேய்த்திருந்தது. "அப்பா வேலையிலையிருந்து கொண்டு வந்தவர், எறியப் போனவையாம்" என்றா அம்மா. பக்கத்து யூனிட்காரர் சத்தம் என்று முறைப்பாடு செய்திருந்தார்கள். அதைக் குறைக்கத்தான் மனுசன் பலகை போட்டிருக்கிறார் என்று நினைத்தேன், நன்றியும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓயாது. அப்பா உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே அதைப் போட்டுவிடுவார். பார்க்கிறாரோ இல்லையோ, அது கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் கராஜிலிருந்து வேர்த்து விறுவிறுத்து மேலே வருகிற நேரங்களில் மட்டும் அது நின்றிருக்கும். அப்பா தன் கதிரையில் கை இரண்டையும் பிடியில் வைத்துக்கொண்டு, கறுத்த திரைக்கு முன்னால் பேசாமல் இருப்பார். என்மேல் உள்ள கோபத்தில் ரீவி பார்க்கக்கூட மனம் இல்லாமல் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரைக் கடந்து போகும்போது குனிந்துகொண்டு போவேன். நாளடைவில், அவர் வேலையால் வர முன்னம் பயிற்சியை முடித்துக்கொள்ளப் பழகினேன்.

இருபத்தேழு வயதில் வேலையை விட்டுவிட்டு ஸ்பெயினில் செவில் நகரத்துக்குப் போனேன். இரண்டு வருடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவியின் வீட்டில் ஒரு அறை. வகுப்பில் எல்லோரும் என்னை "இந்தியா" என்று கூப்பிட்டார்கள். இலங்கை எங்கே இருக்கிறது என்று முதல் மாதம் விளக்கினேன், இரண்டாம் மாதம் விட்டுவிட்டேன். ஜப்பானியப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், பிரெஞ்சுக்காரிகள் கூட்டமாக வந்தார்கள், நான் தனியாக வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே குடும்பம் குடும்பமாகத் தெருவில் மேசை போட்டுச் சாப்பிடும்போது, நான் அறைக்குள் பருப்பு அவித்துச் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டேன். தனிமை என்று புத்தகத்தில் வாசித்தது வேறு. ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பேக்கரியில் பாண் கேட்கும்போது சத்தம் வராமல் நின்றேனே, அதுதான் எனக்குத் தெரிந்த தனிமை.

அங்கே நான் விட்ட பெரிய பிழை ஒன்று உண்டு. எங்கள் பரதத்தில் ஒருவர் தாளத்தைத் தட்டிச் சொற்கட்டுச் சொல்லுவார், பிறகு கால் போகும். சொல்லுகிறவருக்காகக் காத்திருக்கத்தான் நான் எட்டு வருடம் பழகியிருந்தேன். ஃப்ளமெங்கோவில் அது தலைகீழ். ஆடுகிறவள் காலால் ஒரு அழைப்பு அடிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் பாடுகிறவர் வாய் திறப்பார். முதல் நாள் மேடை நடுவில் நான் நிற்கிறேன், பாட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கிற்றார்க்காரர் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். நான் மரியாதையாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்! ஆசிரியர் கையைத் தட்டி நிறுத்தினார். "நீ கூப்பிடாமல் அவன் எப்படி வருவான்?" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து அந்த அழைப்பைத்தான் ஆறு மாதம் பழகினேன். எனக்கென்று ஒன்றை அமைத்தேன். முதலில் மூன்று மெல்லிய தட்டு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி, பிறகு பன்னிரண்டு எண்ணி முடிவதற்குள் கடகடவென்று ஒரு கொட்டு. என் ஆட்டங்கள் எல்லாம் இன்றுவரை அந்த அழைப்போடுதான் தொடங்கும்.

கிழமைக்கு ஒருநாள் வீட்டுக்குப் போன் எடுப்பேன். அம்மா பேசுவா, பின்னால் தொலைக்காட்சி கத்தும். கடைசியில் அப்பா வாங்கி, "சாப்பிட்டியோ?" என்பார். "ஓம்" என்பேன். "சரி, வை" என்பார். அதற்குமேல் ஒரு சொல் கிடைத்தால் ஆச்சரியம்.

திரும்பி வந்தபோது யூனிட் கராஜில் பலகை அப்படியே கிடந்தது. அப்பா அதற்குள் பென்சன் எடுத்து வீட்டோடு இருந்தார். ஒரு வருடம் அதில் பயிற்சி செய்துவிட்டு, சிட்னிக்குள்ளேயே மெரிலேண்ட்ஸுக்குத் தனியாகக் குடிபோனேன். அங்கே ஒரு சமூக மண்டபத்தில் வகுப்பு நடத்தினேன். நாலு பெண்களைச் சேர்த்து ஒரு சின்னக் குழு அமைத்தேன். சிட்னியில், மெல்போர்னில் சின்னச் சின்ன அரங்குகளில் ஆடினோம். என் அமைப்புகளைப் பற்றி எழுதிய விமர்சகர்கள் எல்லோரும் தவறாமல் "இந்தியச் சுவை" என்று ஒரு வரி எழுதினார்கள். நான் அடித்த அடியில் எந்த இடத்தில் மஞ்சள்தூளைக் கண்டார்களோ, கோதாரி! மறுபக்கம் எங்கள் ஆட்களின் வானொலியில், "உங்கள் நடனத்தில் தமிழ் எங்கே?" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் நான் வேறு ஆள், இவர்களுக்கும் நான் வேறு ஆள். நிகழ்ச்சி முடிந்ததும் குழுப் பெண்களை அவரவர் வீட்டார் பூவோடு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நான் பலகைகளைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றுவேன்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு துண்டறிக்கையை அப்பாவின் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு வருவேன். வாருங்கள் என்று வாயால் கேட்டதில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? அம்மா இருந்தவரை அவ வந்தா. ஆறு வருடத்துக்கு முன் அம்மா போனபிறகு துண்டறிக்கை மட்டும் ஃபிரிட்ஜில் இருந்தது. அடுத்த தடவை போகும்போது பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்டுவேன்.

போன வருடம் முழங்கால் மருத்துவர் என் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, காலடிப்பதை இன்னும் ஒரு வருடத்துக்குள் நிறுத்த வேண்டிவரும் என்றார். குழுவைக் கலைத்தேன். அழுது முடித்தபிறகு ஒரே ஒரு நினைப்புத்தான் மிஞ்சியது. அப்பாவுக்கு எண்பது. எனக்கு ஒரு வருடம். இனி எப்போது?

அந்த நேரத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கமொன்றின் செயலாளர் அங்கிள் போன் எடுத்தார். வருடாந்தக் கலைவிழா, ஞாயிறு பின்னேரம், என்னை ஆடச் சொன்னார். எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு மெல்லக் கனைத்தார்.

"ஒரே ஒரு விசயம் பிள்ளை. மேடையிலை நடராசர் இருப்பார், குத்துவிளக்கு இருக்கும். சப்பாத்து மட்டும் போட ஏலாது."

"அங்கிள், சப்பாத்து இல்லாட்டி அது மிருதங்கம் இல்லாத மிருதங்கக் கச்சேரி."

"வெறுங்காலோடை ஏதும் மெல்லிசா ஆடன்."

"மெல்லிசா ஆட வேற ஆளைப் பிடியுங்கோ" என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவுக்குச் சோறும் கறியும் கொண்டு போனேன். செய்தி எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. எங்கள் ஆட்களுக்குள் எது ஒளிந்திருக்கும்?

"விழாவிலை ஆடுறியாம்?" என்றார் அப்பா, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டு.

நான் மறுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சப்பாத்து இல்லாமலோ?"

அந்தக் கேள்வியை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்றால், சப்பாத்து இல்லாவிட்டால் வருவேன் என்று மனுசன் சொல்லுகிறார். இருபத்தைந்து வருடத்துக் கதவு ஒரு விரலளவு திறக்கிறது. "ஓம் அப்பா, சப்பாத்து இல்லாமல்தான்" என்றேன். வாய் என்னை முந்திக்கொண்டது. "நீங்கள் வாறியளோ?"

என் ஆட்டத்துக்கு வரச் சொல்லி அவரிடம் நான் வாய் திறந்து கேட்ட முதல் தடவை அது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "வாறன்" என்றார். காருக்குள் வந்து அங்கிளுக்குப் போன் எடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, வெறுங்காலோடு ஆட ஒப்புக்கொண்டேன்.

ஒரு மாதம் அந்த ஆட்டத்தை மாற்றி அமைத்தேன். கால் செய்ததையெல்லாம் கைக்குக் கொண்டுவந்தேன். வெறுங்கால் தரையில் விழுந்தபோது ரொட்டி மா தட்டுகிற சத்தம்தான் வந்தது. மெல்போர்னிலிருந்து வந்த கிற்றார்க்காரர் என் அழைப்பைக் காதால் கேட்க முடியாமல், காலையே பார்த்துக்கொண்டு வாசித்தார். "இது நீ இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உனக்கென்ன தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன். அப்பா வருகிறார். அதற்காக நான் காலையே வெட்டி வைத்துவிட்டு ஆடியிருப்பேன்.

விழா அன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் இருத்தினேன். வெள்ளைச் சட்டை, அம்மா வாங்கிக் கொடுத்த கறுப்புக் காற்சட்டை. என் முறை வந்தது. நடராசரைக் கும்பிட்டேன், மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். வழக்கம்போல அழைப்பு அடித்தேன். மூன்று தட்டு, இடைவெளி, கொட்டு. சபையில் ஒரு பிள்ளை சிப்ஸ் பைக்கற் கிழிக்கிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆடி முடித்தேன். கை தட்டினார்கள், நல்ல பலமாகவே தட்டினார்கள். அன்ரிமார் வந்து, "இப்பதான் பிள்ளை பாக்க லட்சணமா இருந்தது" என்றார்கள். அப்பா கதிரையில் இருந்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நான்தான் பொறுக்க முடியாமல், "எப்பிடி அப்பா?" என்றேன்.

"சத்தம் ஒண்டும் வரேல்லையே பிள்ளை."

"சப்பாத்து இல்லையே அப்பா."

"அதுதான். ஏன் போடேல்லை?"

காரை ஓரமாக நிறுத்தினேன். "நீங்கள்தானே சப்பாத்து எண்டா வரமாட்டன் எண்டு சொன்னனீங்கள்!"

"அது எப்ப சொன்னது!" என்றார். உண்மையாகவே திடுக்கிட்டார். "அதை நீ இவ்வளவு காலமாத் தூக்கிக்கொண்டு திரியிறியோ? நீ ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டாய். பிறகு வாங்கோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. கேக்காத இடத்துக்கு எப்பிடி வாறது? அந்தக் கடதாசியளை நீ ஃபிரிட்ஜிலை ஒட்டினது கொம்மாவுக்கு எண்டு நினைச்சன்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் கண்ணாலை பாத்து ஒண்டும் விளங்காது. உன்ர சத்தம்தான் தெரியும். முதல் மூண்டு மெல்லமா வரும். பிறகு ஒண்டும் இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கோணும். பிறகு கடகடவெண்டு கொட்டும். அது வரும் வரும் எண்டு இருந்தனான். வரேல்லை."

"எங்கை கேட்டனீங்கள்?"

"எங்கையோ? மேலைதான். நீ கீழை அடிக்கேக்கை நான் ரீவியை நிப்பாட்டிப்போடுவன். ஒண்டில் ரீவி, ஒண்டில் நீ, ரெண்டையும் கேக்கேலுமோ? நீ வீட்டை விட்டுப் போனாப்பிறகு அது இல்லை."

எனக்கென்று ஒரு ரசிகர் இருந்திருக்கிறார், நான் அவருக்குப் பயந்து அவர் வர முன்னம் ஆட்டத்தை முடித்திருக்கிறேன். அவர் வந்த ஒரே ஒரு நாள் அவர் கேட்க வந்ததை நான் கழற்றி வைத்துவிட்டு ஆடியிருக்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் போல விசரர் உலகத்தில் உண்டா!

ஹோம்புஷுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. காரைக் கராஜுக்கு முன்னால் விட்டேன். "கால் நோகுது, நான் மேலை போறன். நீ போயிட்டு வா" என்று அப்பா படியேறினார். கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சி கத்தத் தொடங்கியது. செய்தி. யாரோ வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினார்கள்.

நான் காருக்குள்ளேயே இருந்து அழுதேன். பிறகு இறங்கிக் கராஜ் கதவைத் தூக்கினேன். பழைய மெத்தைக்கும் அம்மாவின் தையல் மெசினுக்கும் பின்னால் பலகை சாய்ந்து நின்றது. இழுத்துத் தரையில் போட்டுத் தூசியைத் துடைத்தேன். என் சப்பாத்து எப்போதும் காரின் பின்பெட்டியில் இருக்கும். போட்டு வாரை இறுக்கினேன். குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். கிற்றார் இல்லை, பாட்டு இல்லை, பார்க்க ஒரு குருவிகூட இல்லை.

மூன்று தரம் மெல்லத் தட்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

மேலே தொலைக்காட்சி நின்றது.